சொட்டு நீக்கிய பாதிகள்

கிறிஸ்துநாயகத்தின் வீட்டுச் சுவரில் ஒரு பொய் நாற்பத்து நாலு வருடம் தொங்கியது. முதலில் கொழும்பு வெள்ளவத்தையில். பிறகு ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில், தொலைக்காட்சிக்கு மேலே, திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தடித்த கடதாசி. மேலே நாலு பாய்மரங்கள் கொண்ட கப்பலின் படம். கீழே தூரிகையால் எழுதிய ஏழு வரி ஜப்பான் எழுத்து. மூலையில் சிவப்பு முத்திரை.

"அப்பா ஜப்பான் பாய்க்கப்பலிலை ரெயினிங் எடுத்தவர். உது சேர்ட்டிபிக்கற்." வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மகள் மக்டலீன் சொல்வாள். அவர்கள் எழும்பிப் போய்ப் பார்ப்பார்கள். தெரியாத எழுத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். கிறிஸ்துநாயகம் அந்த நேரத்தில் மலசலகூடத்துக்குப் போய்விடுவார். வயது போனவர், அடிக்கடி போகிறவர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பொய்யைத் தொடக்கியவர் அவரேதான். 1952இல் ஜப்பான் கப்பல்கள் மறுபடி கொழும்புக்கு வரத் தொடங்கியபோது, ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுத்தர் வேலை காலியாக இருந்தது. நேர்முகத்தில் ஒரு பறங்கித் துரை அனுபவம் என்ன என்று கேட்டார். கிறிஸ்துநாயகம் கடதாசியை மேசையில் வைத்து, இந்தக் கப்பலில் பயிற்சி பெற்றேன் என்றார். துரை முத்திரையைப் பார்த்தார். வேலை கிடைத்தது. வேலையைப் பார்த்து மனைவியாக ஜோசப்பின் கிடைத்தார். ஜோசப்பினின் தகப்பன் மருமகனின் கடதாசிக்குத் தேக்கில் சட்டம் செய்து கொடுத்தார். கிறிஸ்துநாயகம் அதை ஒருநாளும் கந்தோருக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே ஜப்பான் கப்டன்மார் வந்துபோனார்கள்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியபோது ஜோசப்பின் எடுத்துக்கொண்டு ஓடியது அந்தச் சட்டத்தை. கிறிஸ்துநாயகம் எடுத்துக்கொண்டது குடையை. எண்பத்தொன்பதில் மகள் தாய் தகப்பன் இருவரையும் கனடாவுக்கு எடுப்பித்தாள். தொண்ணூற்றொன்றில் ஜோசப்பின் கணவரைப் பற்றிய பெருமையோடு செத்துப்போனார்.

1996 சித்திரையில் மருமகன் ஜெனாட் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினான்.

ஜெனாட் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் சுப்பர்வைசர். சனி ஞாயிறுகளில் ஆயுள் காப்புறுதி விற்பான். பழைய மாணவர் சங்கத்தில் செயலாளர். மூன்று இடத்திலும் ஒரே சிரிப்பு. ஏரிக்கரை மண்டபம் ஒன்றில் ஒரு ஜப்பானியப் பயிற்சிக் கப்பலின் வரலாற்றுக் கண்காட்சி வருகிறது, கப்பலோடு தொடர்புள்ள யாரும் நகரத்தில் இருந்தால் அறியத் தரவும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. கப்பலின் பெயர் ஷியோகசே மாரு. வீட்டுச் சுவரில் இருந்த அதே படம்.

மாமனார் பூசை முடிந்து வந்தபோது சுவரில் ஒரு வெளிறிய சதுரம் இருந்தது.

"படம் எங்கை பிள்ளை?"

"ஜெனாட் கொண்டுபோட்டார் அப்பா. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், சர்ப்ரைஸ் எண்டவர்."

அவர் உடுப்பு மாற்றாமல் கட்டிலில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை.

மூன்று கிழமையில் கண்காட்சிக்காரர் கடதாசியை மொழிபெயர்த்துவிட்டார்கள். ஜெனாட் வேலைச் சப்பாத்தோடு உள்ளே வந்தான். பதினேழாம் மாடிக் கம்பளத்தில் பிறம்ரன் சேறு.

"மாமா, உதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"தேங்காய்!"

"ஓம்."

"தேங்காய் சப்ளை பண்ணினதுக்குத் தாங்ஸ் எண்டு கிடக்கு. நான் சங்கத்திலை ரெண்டு தரம் ஸ்பீச்சிலை சொல்லிப்போட்டன், ஜப்பானிலை ரெயின் பண்ணின ஃபெஸ்ற் தமிழன் எண்டு. சங்கத்து ஆண்டு மலருக்கும் எழுதிக் குடுத்தாச்சு."

மக்டலீன் சமையலறை வாசலில் நின்றாள். "அப்பா?" என்றாள். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, கம்பளத்துச் சேற்றைத் துடைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் ஜெனாட் மறுபடி சிரித்துக்கொண்டு வந்தான். கண்காட்சிக்காரருக்குத் தேங்காய் மிகவும் பிடித்துவிட்டதாம். பாய்க்கப்பலில் பயிலும் மாணவர்கள் காலையில் எழும்பியதும் வெறுங்காலோடு வரிசையாக முழங்காலில் இருந்து, பொச்சு நாரோடு பாதியாக வெட்டிய தேங்காயால் மேல்தளப் பலகையைத் தேய்ப்பார்கள். வேறு தூரிகை இல்லை. கப்பல் கட்டிய நாளிலிருந்து வழக்கம் அதுதான். போர்க்காலத்தில் அந்தத் தேங்காயைக் கொடுத்தவர் இன்றைக்கு ரொறன்ரோவில் இருக்கிறார். தனிக் கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்கள். பெட்டியில் எழுதப்போகும் தலைப்பு: தேங்காய் தந்த நண்பர்.

"சேர்ட்டிபிக்கற்றைவிட உது நல்லம் மாமா. கியூட்டா இருக்கு."

நண்பர் செய்தது இதுதான்.

1943. கிறிஸ்துநாயகத்துக்குப் பதினேழு வயது. பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன் ரயில்வே ஸ்ரோர்ஸில் எழுத்தர், மலாயாத் தமிழில் கிராணி. மலாயாவில் யாழ்ப்பாணத்தார் விற்ற சரக்கு ஒழுங்கு. நேரான கோடு, அழகான கையெழுத்து, ஒரு ஊசி குறையாத களஞ்சியம். வெள்ளைக்காரன் வாங்கினான். அவன் ஓடிய பிறகு ஜப்பான்காரன் வாங்கினான். சரக்கு மாறவில்லை. ஓடர் இல்லாமல் ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது என்று தகப்பன் சொல்லிக்கொடுத்திருந்தார். மகன் ஆறு மாதம் ஜப்பான் வகுப்புக்குப் போய்விட்டுத் துறைமுக ஸ்ரோர்ஸில் சேர்ந்தார்.

ஐப்பசி மழையில் ஷியோகசே மாரு வந்தது. அது அப்போது பாய்க்கப்பல் இல்லை. பாய்களைக் கழற்றி, குறுக்கு மரங்களை இறக்கி, பாய்மரங்களைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். வெள்ளை உடம்புக்குச் சாம்பல் பூசியிருந்தார்கள். நிலக்கரி ஏற்றியது, ஆட்களை ஏற்றியது. ஆனால் பயிற்சி மாணவர்கள் நாற்பது பேர் இன்னும் அதில் இருந்தார்கள். மேல்தளம் மட்டும் வெள்ளையாக இருந்தது. தினமும் தேய்த்தார்கள்.

ஸ்ரோர்ஸுக்கு வந்த ஓடர்: தேங்காய்ப் பாதி முந்நூறு, சொட்டு நீக்கியது. சொட்டு என்கிற உள்ளே உள்ள வெள்ளைப் பருப்பில் எண்ணெய் உண்டு, பலகையில் கறை பிடிக்கும். நேரம் இல்லாததால் கப்பலிலேயே வெட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். கிறிஸ்துநாயகம் இரண்டு வேலையாட்களோடு ஏறினார். தளத்தில் எண்ணெய் படக் கூடாது என்று கீழறையின் மூடிக்கு மேல் ஒரு தார்ப்பாய் விரித்துக் கொடுத்தார்கள். அதில் இருந்து வெட்டினார்கள்.

மூடிக்குக் கீழே நூற்றெண்பது பேர் இருந்தார்கள். கெடாப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிடித்த தமிழ்க் கூலிகள். பர்மாப் பக்கம் வீதி போடக் கொண்டுபோகிறார்கள். முந்தின நாள் காலையில் ஏற்றியவர்கள். எஞ்சின் பழுது, கப்பல் கிளம்பவில்லை. சாப்பாட்டுக் கணக்கு கப்பல் கிளம்புகிற நாளிலிருந்து என்று உத்தரவில் இருந்தது. கிளம்பாததால் சாப்பாடு இல்லை. இறக்கவும் உத்தரவு இல்லை. மலமும் மூத்திரமும் வாந்தியும் கீழேயே. மூடியின் ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகல இடைவெளி. அதனால் வந்த நாற்றத்தில் வேலையாள் ஒருவன் தேங்காயை விட்டுவிட்டு விளிம்புக்கு ஓடிச் சத்தி எடுத்தான். மாணவர்கள் மூக்கைத் தோளில் அழுத்திக்கொண்டு, மூடியைச் சுற்றி முழங்காலில் தேய்த்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கும் பதினேழு, பதினெட்டு வயது. ஒருவன் எண் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்.

வேலையாட்கள் சொட்டைத் தோண்டித் தோண்டி இரண்டு கூடையில் போட்டார்கள். வெள்ளையாகக் குவிந்தது.

"கிராணி ஐயா." இடைவெளிக்குள்ளிருந்து குரல். "ஐயா, தமிழாளு தானே? ஒரு சில்லு உள்ளாற போடுங்கய்யா."

அவர் குனிந்தார். ஒரு கண்ணும் பல்லும் தெரிந்தன.

"உது ஸ்ரோர்ஸ் சாமான்" என்றார்.

"மண்ணுல கொட்டுறதத்தான கேக்குறோம். ரெண்டு நாளு ஆச்சுய்யா."

"ஓடர் இல்லை."

நாலு விரல்கள் இடைவெளிக்கு வெளியே வந்தன. நகங்களுக்குள் மலம். கூடையின் விளிம்பைத் தேடின. கிறிஸ்துநாயகம் கூடையைக் காலால் தள்ளிவைத்தார்.

யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் அதிகாரி பின்பக்கம் நின்றார். மாணவர்கள் குனிந்திருந்தார்கள். ஓடரில் பாதிகளைப் பற்றித்தான் இருந்தது, சொட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. கூடைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓடரில் இல்லாததால் சொட்டு களஞ்சியத்துக்குச் சொந்தம் என்று அவராகவே முடிவெடுத்தார். இரண்டு கூடைகளையும் மழை படாமல் மூடி இறக்கிக்கொண்டு போனார். தகப்பனிடம் சொன்னபோது, ஒழுங்காகச் செய்திருக்கிறாய் என்றார்.

களஞ்சியத்தில் அதைக் கேட்டு யாரும் வரவில்லை. நாலாம் நாள் சொட்டு வழுவழுத்து மஞ்சளாகி, மேலே கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. அள்ளிக் கடலில் போட்டார்கள்.

கப்பல் கிளம்புமுன் இரண்டாம் அதிகாரி அந்தக் கடதாசியைக் கொடுத்தார். ஐந்து கிழமைக்குப் பிறகு கப்பல் வெறுமையாகத் திரும்பி வந்து மறுபடி தேங்காய் கேட்டது. அந்த முறை கிறிஸ்துநாயகம் தேங்காயைக் கரையிலேயே வெட்டுவித்தார். போர் முடிந்த பிறகு கடதாசியோடு இலங்கைக்குக் கப்பலேறினார்.

கண்காட்சி திறக்க இரண்டு கிழமை இருக்கும்போது அவர் சப்வேயில் தனியாக ஏரிக்கரைக்குப் போனார். மண்டபத்தில் சுவர்ப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மூன்று மீற்றர் நீளத்தில் கப்பலின் மாதிரி, முப்பத்திரண்டு பாயும் விரித்தபடி. பன்னிரண்டு பலகைகளையும் வாசித்தார். ஒரு பள்ளிக்கூடக் கப்பல் புயலில் தாழ்ந்து மாணவர் எல்லோரும் இறந்ததால் பெற்றோர் கேட்டுக் கட்டிய கப்பல். 1930இல் கோபேயில் இறக்கினார்கள். பசிபிக்கைப் பதினாறு முறை கடந்தது. போருக்குப் பிறகு இருபதாயிரம் பேரை, இறந்தவர்களின் ஏராளமான சாம்பல் பெட்டிகளை, ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 1952இல் மறுபடி பாய் கட்டினார்கள். எண்பத்தாறில் ஓய்வு. பத்தாயிரம் மாணவர்கள் அதில் படித்தார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். போருக்கு ஒரு பலகை, அதில் இரண்டு வரி. "1943 முதல் 1945 வரை தென்கடலில் போக்குவரத்துப் பணியில் ஈடுபட்டது. கடினமான அந்த ஆண்டுகளிலும் மாணவர்கள் தளத்தைத் தேய்க்கும் மரபைக் கைவிடவில்லை."

அதற்கு அடுத்ததாக அவருடைய கண்ணாடிப் பெட்டி.

பொறுப்பாளர் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண். கதிரை இழுத்துப் போட்டு, தேநீர் கொடுத்தாள். அவர் தட்டச்சுச் செய்த தாளை நீட்டினார். மூன்று வசனம். 1943 ஒக்ரோபரில் பினாங்கு துறைமுகத்தில் ஷியோகசே மாருவின் கீழறையில் நூற்றெண்பது தமிழ்க் கூலிகள் இரண்டு நாட்கள் பட்டினி கிடந்தனர். தேங்காய்ச் சொட்டைக் கேட்டனர். நான் கொடுக்கவில்லை.

அவள் இரண்டு தரம் வாசித்தாள். கண் கலங்கியது. மிகவும் உருக்கமாக இருக்கிறது என்றாள். ஆனால் பெட்டிக்கு அறுபது சொற்கள்தான், அவை நிரம்பிவிட்டன.

"நண்பர் என்பதை எடுத்தால் இடம் வரும்" என்றார்.

இந்தக் கூலிகள் பற்றி ஆவணம் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

"ஆவணம் எழுத வேண்டியவன் நான்தான். எழுதவில்லை."

அப்படியானால் உறுதிப்படுத்த முடியாது, மன்னிக்க வேண்டும், இது சமாதானத்துக்கான கண்காட்சி, திறப்பு விழாவில் வேண்டுமானால் அவர் இரண்டு நிமிடம் பேசலாம் என்றாள். பிறகு, திறப்பு விழாவில் சிறுவர்கள் தளம் தேய்த்துக் காட்டுவார்கள், தேங்காய் தருவதாக அவருடைய மருமகன் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் வீட்டில் தேங்காய் எண்ணெய் மணத்தது. ஜெனாட் பார்லிமென்ற் வீதித் தமிழ்க்கடையில் நாற்பது தேங்காய் வாங்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். கனடாவுக்கு வருகிற தேங்காயில் பொச்சு இல்லை. வெறும் சிரட்டை. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மக்டலீன் ஒரு ஸ்குறூ ட்றைவரால் சொட்டை நெம்பிக்கொண்டிருந்தாள். மேசை முழுக்க வெள்ளைக் குவியல்.

"கை ஓஞ்சுபோச்சு அப்பா. உவ்வளவு சொட்டையும் என்ன செய்யிறது? பிறீசரிலை இடமில்லை."

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அதை விடு. இரு. ஒண்டு சொல்ல வேணும்."

சொன்னார். நாற்றத்தையும் நகத்தையும் விடாமல் சொன்னார். காலால் தள்ளியதையும் சொன்னார். அவள் ஸ்குறூ ட்றைவரை மேசையில் வைத்தாள். எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் கையைக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடி கழுவினாள்.

"அம்மாக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நான் கொன்வென்ற்றிலை உங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினனான். பிறைஸ் தந்தவை. அண்டைக்கு நீங்கள் எனக்குப் பேனை வாங்கித் தந்தனீங்கள்."

"ஓம்."

"அந்த ஆக்கள் என்ன ஆனவை?"

"தெரியாது. கப்பல் வெறுமையாத்தான் வந்தது."

"கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கறுப்புக் குப்பைப் பைகளில் சொட்டை வாரிக் கட்டினாள். கதவுக்கு வெளியே கொண்டுபோய்க் குப்பைக் குழாயில் தள்ளினாள். பதினேழு மாடியும் இடித்து இடித்து விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. மூன்று பை. திரும்பி வந்து, "எனக்கு இப்ப உங்களோடை இருந்து சாப்பிடேலாது அப்பா" என்றாள்.

"சரி பிள்ளை. நாளைக்கு அதை வாசிக்கப் போறன்."

"வாசியுங்கோ."

விழாவில் வெள்ளைத் தொப்பி போட்ட பத்துப் பிள்ளைகள் ஒட்டுப்பலகையைச் சிரட்டையால் தேய்த்தார்கள். பலகை கீறியது. காது கூசுகிற சத்தம். பெற்றோர் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். சங்கத்திலிருந்து வந்த பதினைந்து பேர் முன்வரிசையில் இருந்தார்கள். கிறிஸ்துநாயகம் கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்து, மூன்று வசனங்களையும் நல்ல ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு தமிழிலும் வாசித்தார்.

எல்லோரும் கை தட்டினார்கள். வயது போனவர் மேடையில் வாசித்தால் தட்டுகிற தட்டு. ஒரு பெண் வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். கப்பல் படம் போட்ட, சாவி கோர்க்கிற திறப்புக்கோர்வை ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். காருக்குள் ஏறியதும் ஜெனாட், "நல்லாப் பேசினீங்கள் மாமா. அந்தக் கூலி ஆக்களின்ரை விசயத்தைச் சாடையா விட்டிருக்கலாம். சாப்பாட்டுக்கு முதல்தானே" என்றான். பின்சீற்றில் இருந்த மக்டலீன் கண்ணாடியை இறக்கினாள். வீடு வரும்வரை ஏற்றவில்லை.

புரட்டாதியில் கடதாசி திரும்பி வந்தது. ஜெனாட் அதற்குப் புதுச் சட்டம் போட்டு, நண்பர் என்று எழுதிய அட்டையையும் சேர்த்து, பழைய இடத்தில் மாட்டினான். மாட்ட வேண்டாம் என்றார் அவர். "உங்களுக்கு வேண்டாமெண்டால் பேரப்பிள்ளைகளுக்கு" என்றான். அதன் பிறகு அவர் சாப்பிடும்போது கதிரையைச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சில நாட்களுக்குப் பிறகு மக்டலீனும் தன் கதிரையை அவரோடு திருப்பிப் போட்டாள்.

1998 தையில் சளிக்காய்ச்சலில் இறந்தார். எழுபத்திரண்டு வயது. தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகையில் ஜெனாட் அரைப்பக்க அறிவித்தல் போட்டான். ஜப்பான் பாய்க்கப்பலில் பயிற்சி பெற்ற முதல் தமிழர் என்று பெயருக்கு மேலே எழுதியிருந்தது. தேங்காய்கூட இல்லை. பொய் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருந்தது. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மண்டபத்தில் சவப்பெட்டியைப் பார்த்த கையோடு வீட்டுக்கு வந்து சுவரையும் பார்த்தார்கள். ஒருவர் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை அறிவித்தலை மக்டலீன் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பத்திரிகைக்காரர் வாசித்துவிட்டு, "அக்கா, உது சரிதானோ?" என்றார். "எழுதினபடி போடுங்கோ." படம், பெயர், பூசை நேரம். கீழே அவர் மேடையில் வாசித்த அந்த மூன்று வசனம். ஒரு பக்கத்தில் நகைக்கடை விளம்பரம், மறுபக்கத்தில் பற்சொத்தைக்கு வைத்தியம்.

பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஜெனாட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மக்டலீன் எடுத்துக் கதைத்தாள்.

"மக்டலீன், பேப்பர்காரர் ஆற்றையோ நியூஸை மாறி அப்பாவின்ரை படத்துக்குக் கீழை போட்டுட்டினம். பாத்தனீரோ?"

"மாறேல்லை அன்ரி."

"காசு திரும்பக் கேளும். கேஸ் போடும். என்ன பழி இது!"

"அது அப்பா எழுதினது."

மறுமுனைக் குரல் தாழ்ந்து, "கடைசிக் காலத்திலை அவருக்கு மறதி வந்திட்டுதோ, பாவம்?" என்றது.

மக்டலீன் தொலைபேசியை வைத்தாள். அது உடனேயே மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"ஓம், பாத்தனான். மாறேல்லை" என்றாள்.